கப்பன் ரீட்ஸ்: பேசாமல் உட்கார்ந்து படிக்க ஒரு சனிக்கிழமைக் கூட்டம்

"சனிக்கிழமை ஆனா எங்கதான் போறே?" என்று பெங்களூர் நண்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். கப்பன் பூங்காவுக்குத்தான். அங்கே கப்பன் ரீட்ஸ் என்ற பெயரில் வாராவாரம் ஒரு வாசிப்புக் கூட்டம் நடக்கிறது. மார்கழிக் குளிர், மாசி வெயில், சித்திரை மாதத்துத் திடீர் மழை என்று எல்லாப் பருவத்திலும் போய்ப் பார்த்தாகிவிட்டது. புதிதாக வர நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை, மரத்தடியில் அவரவர் விரிப்பை விரித்து, அவரவர் கொண்டுவந்த புத்தகத்தைப் படிப்பார்கள். நிகழ்ச்சி நிரல் அவ்வளவுதான். மேடை கிடையாது, மைக் கிடையாது, வரவேற்புரை கிடையாது, பொன்னாடை கிடையாது. கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. சரியாக 9 மணிக்கு வந்தாக வேண்டும் என்றோ 2 மணி வரை இருந்தாக வேண்டும் என்றோ யாரும் சொல்வதில்லை. பத்தரைக்கு வந்து பன்னிரண்டுக்குக் கிளம்பினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எல்லாரும் இந்தப் புத்தகத்தைத்தான் படிக்க வேண்டும் என்ற பேச்சும் இல்லை. பக்கத்தில் ஒருவர் பொருளாதாரம் படிப்பார், இன்னொருவர் பேய்க்கதை படிப்பார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள். ஓவியம் வரைகிறவர்கள், நூல் பின்னுகிறவர்கள்கூட ஓரமாக உட்கார்ந்திருப்பதுண்டு.

இதைத் தொடங்கியவர்கள் ஹர்ஷ் ஸ்நேகான்ஷு, ஸ்ருதி சா என்ற இருவர். 2022 முடிந்து 2023 பிறந்த குளிர்காலத்தில் இரண்டு பேரும் சைக்கிள் மிதித்து கப்பன் பூங்காவுக்கு வந்து, மரத்தடியில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அது பிடித்துப்போய், நீங்களும் வாருங்கள் என்று இன்ஸ்டாகிராமில் போட, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சில மாதங்களிலேயே கூட்டம் நூற்றுக்கணக்கில் ஆகிவிட்டது. டெல்லியில் லோதி தோட்டம், மும்பையில் ஜுஹு, அப்புறம் நம்ம சென்னை என்று மற்ற ஊர்க்காரர்களும் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு நகரங்களுக்கும் போய்விட்டது. இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து தனித்தனியாகப் படிக்கும் யோசனை உலகத்துக்குப் புதிது இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2012இல் தொடங்கிய சைலண்ட் புக் கிளப் இதைத்தான் செய்தது. அவர்கள் கூடியது ஒரு மதுக்கூடத்தில். இங்கே புல்தரை. எனக்குப் புல்தரைதான் சௌகரியம், பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுக்கூட வரலாம்.

நான் ஆரணிக்காரி. அங்கே கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் உண்டு. அப்பா என்னைக் கையைப் பிடித்துக்கொண்டு அழைத்துப் போவார். தமிழ்நாட்டில் 1948லேயே பொது நூலகங்களுக்கென்று சட்டம் வந்துவிட்டது. சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று தனியாகப் போகும். அதில் வளர்ந்தவள் நான். ஆகவே புத்தகத்துக்காக நாலு பேர் கூடுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் கூட்டங்கள் எல்லாமே பேச்சுக் கூட்டங்கள். ஒருவர் படித்துவிட்டு வந்து பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், முடிவில் ஆசிரியர் ஒருவர் எழுந்து நீளமாக நன்றி சொல்வார். அதை நான் குறைத்துச் சொல்லவே இல்லை, என்னை வாசகி ஆக்கியதே அந்த வட்டம்தான். ஆனால் பேச்சைக் கேட்டு வீட்டுக்கு வந்தபின் புத்தகத்தை எடுத்துப் படிக்க வேண்டியது நம் பாடு. பெங்களூர் வந்து, கணக்குப் பிரிவில் வேலை, மாதக் கடைசி நெருக்கடி, வீட்டுக்கு வந்தால் சமையல், சமையல் முடிந்தால் போன் என்று ஆனபிறகு, புத்தகங்கள் வாங்குகிறேன், படிப்பதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன். இன்று இந்த வயதில் இருக்கும் நிறையப் பேருடைய நிலை இதுதான். கப்பன் ரீட்ஸ் சரிசெய்கிற விஷயம் துல்லியமாக இது ஒன்றுதான். படிப்பதற்கான நேரத்தையும் இடத்தையும் தருகிறது, சுற்றிலும் படிக்கிற ஆட்களைத் தருகிறது. மற்றதை நம் கையில் விட்டுவிடுகிறது.

அந்த அமைதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூங்கா ஒன்றும் நிசப்தமாக இருக்காது. கஸ்தூரிபா சாலை பக்கம் வண்டிச் சத்தம் கேட்கும். நடைப்பயிற்சி முடித்து வரும் மாமாக்கள் உரத்துப் பேசிக்கொண்டு போவார்கள். நாய்கள் குரைக்கும், குழந்தைகள் ஓடும், மேலே கிளிக் கூட்டம் கத்தும். இந்தச் சத்தத்துக்கு நடுவே நூறு பேர், இருநூறு பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைத்தான் அமைதி என்கிறேன். பக்கம் திருப்பும் ஒலி காதில் விழும். பத்து நிமிடம் ஆனதும் கை தானாகப் போனைத் தேடும். எடுத்துப் பார்க்கத் தோன்றும். அந்த நேரத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தால், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் குனிந்த தலைகள்தான். யாரும் நம்மைக் கண்காணிப்பதில்லை, யாரும் தடை போடவும் இல்லை. இருந்தாலும் கை போனை விட்டுவிட்டு மறுபடி புத்தகத்துக்கு வந்துவிடுகிறது. வீட்டில் நான் எவ்வளவோ முயன்றும் நடக்காத விஷயம் இது. அரை மணி நேரம் தாண்டிவிட்டால் அப்புறம் போன் இருக்கிற நினைப்பே வராது. ஒரு தடிமனான தமிழ் நாவல், ஊரில் வாங்கி மூன்று வீடு மாறியும் பிரிக்காமலே கூட வந்துகொண்டிருந்தது, அதை இந்த மரத்தடியில்தான் முடித்தேன். முடித்த அன்று கடைசி அத்தியாயத்தில் அழுகை வந்துவிட்டது. பக்கத்து விரிப்பில் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் ஒரு டிஷ்யூ பேப்பரை நீட்டிவிட்டுத் தன் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள். அவள் பேர் எனக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத்தான் புரியும். புது ஊரில் நாலு பேரைப் பழக்கம் பிடிக்க வேண்டும் என்று யாராவது ஒரு சந்திப்புக்குப் போனால், முதல் வேலையாக வட்டமாக உட்கார வைத்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்க, உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளர் யாரு" என்று ஆரம்பிப்பார்கள். நம் முறை வருவதற்குள் வயிறு கலங்கிவிடும். இங்கே அந்தக் கட்டமே இல்லை. பல வாரம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வந்து போகலாம். முகங்கள் பழகிவிடும், பார்த்தால் ஒரு தலையசைப்பு வரும். அதற்குப் பிறகு பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம்.

மற்றக் கூட்டங்களோடு ஒப்பிட்டுச் சொன்னால்தான் மதிப்புரை முழுமை பெறும் என்பதால் இரண்டு அனுபவம் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம். ஒரு காபி கடையில் மாதம் ஒருமுறை புத்தகச் சந்திப்பு என்று சமூக வலைதளத்தில் பார்த்துப் போனேன். உள்ளே போக ஒரு கட்டணம், போனபின் கட்டாயம் ஏதாவது வாங்க வேண்டும், முக்கால்வாசி நேரம் வந்தவர்களைக் காணொளி எடுப்பதிலேயே போயிற்று. புத்தகத்தைப் பற்றிப் பேசியது கால் மணி நேரம் இருக்கும். இன்னொன்று ஒரு நூல் வெளியீடு. மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தார்கள், சிறப்பு விருந்தினர் வரும்வரை ஏழு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் எழுத்தாளருக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். மேடையில் அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வாசகர்கள் செலவழித்துக்கொண்டு வருகிறார்கள், அவர்கள் நேரத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பது கூட்டம் நடத்துகிற எல்லாருக்கும் என் தாழ்மையான வேண்டுகோள். கப்பன் ரீட்ஸில் நம் நேரத்தை வேறு யாரும் கையில் எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து மணி நேரமும் நம்முடையது.

இப்போது இன்ஸ்டாகிராம் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கூட்டத்தின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. 2 மணி நெருங்கும்போது எல்லாரும் கொண்டுவந்த புத்தகங்களை எடுத்துப் புல்தரையில் அடுக்குவார்கள். வரிசை வரிசையாக அட்டைகள் மேலே பார்த்திருக்க, மேலிருந்து ஒரு படம். அப்புறம் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி ஆட்களோடு ஒரு படம். அந்த வாரத்துக் கணக்கு அந்தப் படம்தான். அதைக் கப்பன் ரீட்ஸின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவார்கள், பார்க்கிறவர்கள் பெரிதாக்கிப் பெரிதாக்கி யார் என்ன படித்தார்கள் என்று தேடுவார்கள். நானே செய்வேன். இதுவரை கேள்விப்படாத எத்தனையோ புத்தகங்களை அந்த அடுக்கில்தான் முதலில் பார்த்தேன்.

புத்தகப் படம் போடுகிறவர்களைப் பற்றி நம் பக்கம் ஓர் இளக்காரம் இருக்கிறது. காபிக் கோப்பை பக்கத்தில் புத்தகம் வைத்துப் படம் எடுப்பவர்கள் படிக்கவா போகிறார்கள் என்பார்கள். இதை நான் மனதார மறுக்கிறேன். பல சனிக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு கல்லூரிப் பெண், வாரம் தவறாமல் வருவாள். வந்ததும் விரிப்பு, புத்தகம், தலைக்கு மேல் விழும் இலை நிழல் எல்லாவற்றையும் ஒரு படம் எடுப்பாள். இரண்டு நிமிடம் ஆகும். பிறகு போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடுவாள். அந்த ஜிப் திறப்பது ஒன்றரைக்கு மேல்தான். இடையில் பென்சிலால் கோடு போடுவாள், சின்னச் சின்ன வண்ணச் சீட்டு ஒட்டுவாள். கிளம்பும்போது புத்தகம் பாதிக்கு மேல் சீட்டுகளாக இருக்கும். வீட்டுக்குப் போய் அவள் எழுதுகிற பதிவைப் பார்த்து ஒரு பத்துப் பேர் அந்தப் புத்தகத்தை வாங்கினால், அது பத்துப் பேருக்குப் போன வாசிப்பு. பதிப்பாளர்கள் காசு செலவழித்து விளம்பரம் செய்தாலும் இது வராது. தமிழில் இந்த மாதிரிப் பதிவு போடுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன்.

என் விஷயத்திலேயே அது நடந்தது. அந்த அடுக்கில் முக்கால்வாசி ஆங்கிலப் புத்தகங்கள்தான் இருக்கும். கன்னடம் கொஞ்சம், இந்தி கொஞ்சம், மலையாளம் எப்போதாவது. ஒருநாள் என் தமிழ் நாவலை அந்த வரிசை நடுவில் வைத்தேன். அட்டையில் பெரிய கறுப்பு எழுத்து, படத்தில் தூரத்திலிருந்தே தெரிந்தது. அன்று ராத்திரியே எனக்கு ஒரு செய்தி வந்தது, நானும் அதே படத்தைப் பகிர்ந்திருந்ததால் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். வொயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தம்பி, சொந்த ஊர் விருதுநகர் பக்கம்.

"அக்கா, அந்தத் தமிழ் புக் உங்களுதா? இங்க தமிழ் புக்கோட வரலாமா?"

"தாராளமா வா தம்பி, எந்த மொழியா இருந்தா என்ன?"

அடுத்த வாரம் வந்துவிட்டார். அவர் மூலம் இன்னொருவர், அவர் மனைவி, அப்புறம் அல்சூரில் என் தெருவிலேயே இருக்கிற ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா. இப்போது ஐந்தாறு பேர் தமிழ்ப் புத்தகத்தோடு ஒரே மரத்தடியில் உட்காருகிறோம். படிக்கும்போது பேசுவதில்லை. கிளம்பும்போது புத்தகங்களை மாற்றிக்கொள்கிறோம். யாராவது ஊருக்குப் போனால் எல்லாருக்கும் சேர்த்து வாங்கி வருவார். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடக்கும்போது ஒருவர் போய்ப் பை நிறையச் சுமந்து வந்தார், ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டோம்.

ஒரு முறை அந்தக் கல்லூரிப் பெண் என் புத்தகத்தை எடுத்து, எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். சுத்தமான தமிழில் பேசினாள்.

"எங்க வீட்ல தமிழ்தான் ஆன்ட்டி. பாட்டிகிட்ட பேசுவேன். படிக்க மட்டும் தெரியாது, ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும்தான்."

"பாட்டி படிப்பாங்களா?"

"படிப்பாங்க. கண்ணு தெரியலைன்னு இப்போ விட்டுட்டாங்க."

பெங்களூரில் இப்படி எத்தனை வீடுகள்! பாட்டி படிப்பார், அம்மா எழுத்துக் கூட்டுவார், பேத்திக்குப் பேச்சு மட்டும் மிச்சம். தபால்காரர் ஐயா அதைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே ஓர் அரிச்சுவடி வாங்கி வந்து அவளிடம் கொடுத்தார். இப்போது அவள் ஆங்கில நாவலுக்கு நடுவே அதையும் எடுத்து வைத்துக்கொள்கிறாள். ணகரத்துக்கும் னகரத்துக்கும் எத்தனை சுழி என்று எட்டிப் பார்த்துச் சாடையில் கேட்பாள், ஐயா விரலைக் காட்டுவார், மூன்று, இரண்டு என்று. வாய் பேசாமலே பாடம் நடக்கிறது. ஒரு பூங்காவில் உட்கார்ந்து புத்தகம் படிக்கப் போனதில் இதெல்லாம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பூங்காவைப் பற்றி நான் சொல்லாவிட்டால் அது நியாயமாக இருக்காது. கப்பன் பூங்கா 1870இல் உருவானது. அப்போது மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி அமைத்தது. முதலில் மீட்ஸ் பூங்கா, பிறகு ஆணையர் மார்க் கப்பன் பெயரில் கப்பன் பூங்கா. 1927இல் ஸ்ரீ சாமராஜேந்திரப் பூங்கா என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாற்றினார்கள், ஆனால் ஆட்டோக்காரரிடம் கப்பன் பார்க் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளேயே சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் இருக்கிறது. சிவப்பு நிறக் கட்டடம், மாநில மத்திய நூலகம் அதில்தான். புத்தகப் பிரியர்கள் அதையும் ஒரு நடை பார்த்துவிட வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வந்தால் டபேபுயா மரங்கள் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் மேல் பூ வந்து விழும். ஏப்ரல், மே என்றால் குல்மொஹர். வாசிப்புக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

குறை என்று பார்த்தால், எல்லாருக்கும் இது ஒத்துவராது என்பதுதான். படித்த புத்தகத்தைப் பற்றி வாய்விட்டு விவாதிக்க வேண்டும், சண்டைபோட வேண்டும் என்பவர்களுக்கு இங்கே தீனி குறைவு. அவர்கள் வாசிப்பு முடிந்தபின் கூட வருகிறவர்களோடு காபிக்குப் போக வேண்டியதுதான். எழுத்தாளரைச் சந்திக்க ஆசை என்றாலும் இது அதற்கான இடம் அல்ல. தரையில் ரொம்ப நேரம் உட்கார முடியாதவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பூங்காவில் சிமெண்ட் இருக்கைகள் இருக்கின்றன, ஆனால் காலையிலேயே நிறைந்துவிடும். தபால்காரர் ஐயா மடக்கு நாற்காலி கொண்டுவருகிறார், முட்டி வலிக்காரர்களுக்கு அதுதான் வழி. சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் அவர்களுக்கும் படப் புத்தகமும் வண்ணப் பென்சிலும் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் குழந்தைகள் தாங்க மாட்டார்கள், அப்போது எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

மழை பெய்தால் கூரை கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். பெங்களூர் மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் கொட்டும் என்றாலும் முதல்நாள் பெய்திருந்தால் புல் ஈரமாக இருக்கும். துணி விரிப்பு போதாது, அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் வேண்டும். எறும்பு உண்டு. விரிப்பதற்கு முன்னால் மரத்தின் அடிப்பகுதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருங்கள். குளிர்மாதங்களில் காலை 9 மணிக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது, பதினொன்றுக்கு மேல் தொப்பி தேவைப்படும். தண்ணீர் பாட்டில் கட்டாயம். தின்பண்டப் பொட்டலங்களைப் பூங்காவுக்குள் பிரிக்க வேண்டாம், காவலர்கள் விசில் ஊதுவார்கள், குப்பை விழும் என்ற அவர்கள் கவலையும் நியாயம்தான். கழிப்பறைக்குக் கொஞ்சம் தூரம் நடக்க வேண்டியிருக்கும், பெண்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

வருவதற்கு மெட்ரோதான் உத்தமம். ஊதா வழித்தடத்தில் கப்பன் பார்க் என்றே ஒரு நிலையம் இருக்கிறது, சின்னசாமி கிரிக்கெட் அரங்கத்துக்குப் பக்கம். மேலே ஏறி வந்தால் பூங்கா. அல்சூரிலிருந்து எனக்கு மூன்றாவது நிலையம். காரில் வந்து நிறுத்த இடம் தேடி அலைந்தால் வாசிப்பு மனநிலை வாசலிலேயே போய்விடும். பூங்கா பெரியது, முந்நூறு ஏக்கர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்பதைக் கிளம்புவதற்கு முன்னால் கப்பன் ரீட்ஸின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போய் வழி தெரியாமல் நின்றால், கையில் புத்தகத்தோடு வேகமாக நடக்கிற யாரையாவது பின்தொடருங்கள். பெரும்பாலும் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

என்ன புத்தகம் கொண்டுவரலாம் என்றும் கேட்கிறார்கள். என் யோசனை, இரண்டு எடுத்து வாருங்கள். ஒன்று, வீட்டில் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட தடிமனான புத்தகம். இன்னொன்று சிறுகதையோ கவிதையோ. முதல் புத்தகத்தில் மனம் நிற்காதபோது இரண்டாவதுக்குப் போகலாம். கிண்டில் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கும் தடை இல்லை. போனில் படிப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒரு வாட்ஸப் செய்தி வந்தால் கதை முடிந்தது.

2 மணிக்கு மேல் பசிக்கும். எம்.ஜி. ரோடு தாண்டினால் சர்ச் ஸ்ட்ரீட், நடக்கிற தூரம்தான். இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபியும் கட்லெட்டும், அப்புறம் அதே தெருவில் பிளாசம், புக்வோர்ம் என்று பழைய புத்தகமும் புதியதும் கலந்து விற்கும் கடைகள். மாடி மாடியாக ஏறி இறங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்றால் எங்கள் அல்சூர் பக்கம் வாருங்கள், ஏரியை ஒட்டிப் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகத்தோடு. 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலையும் அதே ஏரிக்கரையில்தான். சனிக்கிழமையைப் புத்தகத்துக்கே எழுதிவைத்துவிட்டால் காலையில் பூங்கா, மதியம் கடைகள், மாலை நூலகம் என்று போகலாம். குடும்பத்தோடு வந்த என் தங்கைக்கு இப்படித்தான் ஊர் சுற்றிக் காட்டினேன். மால் எதற்கும் போகவில்லை, அவளும் கேட்கவில்லை.

மதிப்பெண் போட வேண்டும் என்றால் ஐந்துக்கு நாலரை தருவேன். அந்த அரை மதிப்பெண்ணை வைத்திருப்பது, புத்தக அடுக்கில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் இன்னும் கூடுதலாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில். அதை நடத்துகிறவர்கள் செய்ய முடியாது, வருகிறவர்கள்தான் கொண்டுவர வேண்டும். வருகிற சனிக்கிழமை நீங்கள் வந்தால் தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்து வாருங்கள். அட்டை வெளியே தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள், நாங்களே கூப்பிட்டு இடம் தருவோம். மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் இருப்பார், பக்கத்தில் அரிச்சுவடியோடு ஒரு பெண். அங்கேதான் நாங்கள். 2 மணி வரைக்கும் பேச மாட்டோம், அதற்கப்புறம் காபிக்குப் போவோம்.